இருட்டறையில் ஒரு நீலப் பொட்டு

இருட்டறைக்குள் போகும்போது செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போகும்படி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற இந்த அனிமல் ஹவுஸில் யாரும் யாருக்கும் காரணம் சொல்வதில்லை. செய் என்பார்கள், செய்வோம். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அந்தக் காரணத்தையாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். நாலாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

கூண்டு கழுவவும் உமி மாற்றவும் நான் கற்றுத்தர வேண்டியதில்லை. கை தானாகப் பழகிவிடும். எலி கடிக்குமோ என்ற பயமும் போய்விடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போவார், அதுவும் பழகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டார்கள். ஆயா என்றால் நான் திரும்பியதே இல்லை. லில்லி அக்கா என்று சொன்ன பிறகுதான் திரும்பினேன். பிரின்சிபாலுக்கே அது புரிய ஒரு மாதம் ஆனது. நாம் செய்கிற வேலைக்கு மரியாதையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெருங்களத்தூரைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருக்கிற நம் மருந்தியல் கல்லூரியில்தான் இது நடந்தது. அனிமல் ஹவுஸ் கடைசிக் கட்டடம். மாதம் ஒருமுறை வருகிற கால்நடை டாக்டர் ஒருவர் சொல்வார், இங்கே ஊசியில் போவது மட்டும் மருந்து இல்லை, சத்தம் ஒரு மருந்து, வெயில் ஒரு மருந்து, வெளிச்சமும் மருந்துதான், நமக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டால் அப்புறம் எதையும் நம்ப முடியாது என்று. அவர் பேர் கூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வார்த்தை மட்டும் இருக்கிறது.

சுகன்யா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்ய வந்தாள். படப்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தைராய்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம். அவள் அம்மாவுக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அதனாலேயோ என்னவோ அந்தச் சுரப்பியைப் பற்றியே படிக்க எடுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் ஊசியைப் போட்டுவிட்டுக் கான்டீனுக்கு ஓடுவார்கள். இவள் என்னோடு உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டில் கழுவுவாள். ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கும்மா பாதி எலிய வெளிச்சத்துலயும் பாதியை இருட்டுலயும் போட்டு வெச்சிருக்க?"

"மூளைக்கு நடுவுல அரிசி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்குக்கா. இருட்டினா மெலடோனின்னு ஒண்ணைச் சுரக்கும். வெளிச்சம் பட்டா நிறுத்திடும். அந்த மெலடோனின், கழுத்துல இருக்கிற தைராய்டுகிட்ட போயி, கொஞ்சம் மெதுவா ஓடுன்னு சொல்லுதுன்னு சில பேர் எழுதியிருக்காங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சில பேர். ராத்திரிய நீட்டி வெச்சா தைராய்டு என்ன பண்ணுதுன்னு நான் பாக்கணும்."

"பாத்தா உனக்கு என்ன கிடைக்கும்?"

"பேருக்கு முன்னாடி டாக்டர்னு கிடைக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. முதலில் வாங்கிய எலிகள் அதற்கு முந்தின மே மாதத்தில் செத்துப்போயிருந்தன. கரண்ட் போய், ஜெனரேட்டர் கிளம்பாமல், ஏசி நின்று, அறை அடுப்பாகிவிட்டது. ஈரத்துணியைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம், பிழைக்கவில்லை. விலங்குகளுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டி, இன்னொரு தடவை தருகிறோம், இதுதான் கடைசி என்று சொல்லிக் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த கெடுவும் வருகிற மார்ச்சோடு முடிகிறது. அதற்கப்புறம் நீட்ட முடியாது. இந்த எலிகள் போனால் அத்தனை வருஷப் படிப்பும் போனது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவளுடைய கைடு சாருக்கும் தெரியும்.

இருட்டறையில் சாயங்காலம் சீக்கிரமே விளக்கு தானாக அணையும், காலையில் வெகு நேரம் கழித்துத்தான் எரியும். அணைந்த பிறகு நானோ அவளோ சின்னச் சிவப்பு டார்ச்சை வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். பிறகு காலை வரை யாரும் போவதில்லை.

டிசம்பர் பிறந்தது. தாம்பரம் பக்கம் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்காத வீடு இருக்காது, எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி. அந்த வருஷம் கல்லூரியிலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஸ்டார் போடச் சொன்னார்கள். கைடு சார் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் அலங்காரம் என்றால் அவருக்கு உயிர். "நம்ம பின்சுவர் ரயிலுக்கு நேரா இருக்கு. பெருசா ஒண்ணு போடு, தாம்பரம் போறவன் பூரா பாக்கட்டும்" என்றார்.

பின்சுவரில் வெளியே பிளக் கிடையாது. உள்ளே, இருட்டறையில்தான் இருந்தது. எலக்ட்ரீசியன் முருகன் ஏசி குழாய் போகிற ஓட்டை வழியாக வயரை உள்ளே விட்டு அங்கேயே சொருகிவிட்டு, ஓட்டையைச் சுற்றிப் பட்டி வைத்துப் பூசினான். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். நான் கேட்டேன்.

"ஏம்பா, எலி ரூமுக்குள்ள எதுக்கு வயரு?"

"இன்னாக்கா, கிறிஸ்டியனா இருந்துகினு ஸ்டாருக்கே கேள்வி கேக்கற? லைட்டு வெளிய கீது, வயரு உள்ள கீது. வயரு இன்னா கண்ணா அடிக்கப் போவுது?"

சுகன்யா கைடு சாரிடம் போய், டார்க் ரூமில் பிளக் வேண்டாமே சார் என்றாள். வயர்தானேம்மா என்றார். அவள் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். அவள் அதோடு விட்டுவிட்டாள். எனக்கும் பதில் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் ஏணி போட்டு ஏறிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். நான் வீட்டில் சாயங்காலக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் போன் பண்ணினார்.

"யக்கா, உன் எலி ரூம் ஏசி டப்புன்னு ஒரு சவுண்டு வுட்டுச்சு. வந்து பாத்துக்க. அப்பால என்னிய ஏதும் சொல்லாத."

மே மாதம் ஞாபகத்துக்கு வந்தது. புடவையைக் கூட மாற்றாமல் ஓடினேன். நல்லவேளை, ஏசியின் சுவிட்ச் மட்டும்தான் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், ஓடியது. எதற்கும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுவோம் என்று வெளிக்கதவைச் சாத்திவிட்டு உள்கதவைத் திறந்தேன்.

டார்ச் தேவைப்படவில்லை.

மேல் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே, தண்ணீர் படாத உயரத்தில், தீப்பெட்டி போல ஒரு பெட்டி. ஸ்டார் மாறி மாறி மின்னுவதற்கும், சாயங்காலம் தானாக எரிவதற்கும் அதோடு வந்த பெட்டி. அதில் நீலமாக ஒரு பொட்டு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பகலில் அது செத்துக் கிடக்கும், நாங்கள் சிவப்பு டார்ச்சோடு போகிற நேரத்திலும் செத்துக் கிடக்கும். எல்லோரும் போன பிறகுதான் அதற்கு உயிர் வரும். ஒவ்வொரு தடவை அது எரியும்போதும் அறை முழுக்க நீலமானது. நான் என் கை வளையலைப் பார்த்தேன், கூண்டுக் கம்பியை எண்ணலாம் போல இருந்தது.

எலிகளைப் பார்த்தேன். இருட்டினால்தான் அவற்றுக்குப் பகல். உமியைக் கிளறி ஓடி விளையாட வேண்டிய நேரம் அது. எல்லாம் கூண்டு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. ஒரு சத்தமில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். வெளியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "யக்கா, ஸ்டாரு அவிஞ்சி பூடுச்சு."

அந்த இருட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். முதலில் ஒரு மூலையில் உமி சரசரத்தது. பிறகு இன்னொரு மூலையில். பிறகு அறை முழுக்க ஓட்டம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டார் கட்டின நாளிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஓடவே இல்லை.

காலையில் சுகன்யா வந்ததும், பையைக் கூட வைக்கவிடாமல் கூட்டிப்போய்க் காட்டினேன். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா அக்கா?"

"கட்டின நாள்லேருந்து."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் எலிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நீங்க பாக்கலன்னு வெச்சுக்கலாமா அக்கா?"

"நான் பாத்துட்டேனேம்மா" என்றேன். அதட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் எழுந்து கைடு சார் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

"சரியான இருட்டுன்னா மெலடோனின் இருக்கும் சார். இந்த வெளிச்சமே போதும், நின்னுடும். அப்புறம் நான் எதை அளக்கறேன்?"

"ஒரு பொட்டு லைட்டும்மா. எலி என்ன, ஸ்டாரைப் பாத்துக்கிட்டு பெத்லகேமுக்கா கிளம்பப் போகுது? முதல்ல ரத்தம் எடு. ரிசல்ட் வரட்டும், அப்புறம் அழு."

அப்படியே செய்தோம். கழுத்தைத் திறந்து அந்தச் சுரப்பியை எடுத்துப் பார்க்காமல் இந்த வேலை முடியாது. ஒவ்வொன்றாக நான் பிடித்துக் கொடுத்தேன், அவள் செய்தாள். வேறு நாட்களில், இது வீணாகப் போகவில்லை, யாருக்கோ உதவும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பிடிப்பேன். அன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வரவில்லை. எலி அதுபாட்டுக்கு என் கையில் சூடாக உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ரிசல்ட் வந்தது. இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். இருட்டறை எலிகளுக்குத் தைராய்டு குறைந்துதான் இருந்தது, அவள் என்ன எதிர்பார்த்தாளோ அப்படியே. கைடு சார் லட்டு வாங்கிவரச் சொன்னார். "பாத்தியா, எழுத ஆரம்பி" என்றார். அவள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"இருட்டுலதான் குறைஞ்சுதுன்னு எப்படிக்கா சொல்றது? ராத்திரி பூரா கண்ணுல வெளிச்சம் அடிச்சா பயப்படும். பயந்தாலும் தைராய்டு குறையும். எதனால குறைஞ்சுதுன்னு எனக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது."

ரிசல்ட் தப்பாக வந்திருந்தால் அழுது முடித்திருப்பாள். சரியாக வந்ததுதான் அவளைத் தின்றது.

பிப்ரவரியில் அவள் ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற இன்னொரு கமிட்டி உட்கார்ந்தது. வெளியூரிலிருந்து இரண்டு பேர், உள்ளூர்ப் பேராசிரியர்கள் சிலர். தீசிஸ் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோர் முன்பும் சொல்லிக் காட்ட வேண்டும். நான் டீ டம்ளர்களோடு வெளியே நின்றிருந்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிவிட்டு, கடைசியில், இருட்டறையில் இப்படி ஒரு வெளிச்சம் இருந்தது என்றும் சொல்லிவிட்டாள். கைடு சார்தான் சமாளித்தார். ஸ்டாரைக் கிறிஸ்துமஸ் கேரல் நிகழ்ச்சிக்காகத்தான் ஏற்றினோம், ஓரிரு நாள் இருக்கும், இந்தப் பெண் வீணாகப் பயப்படுகிறாள், வேண்டுமானால் அட்டெண்டரைக் கேளுங்கள் என்றார். கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். கூப்பிடும்போது கையால் லேசாக ஒரு சைகை, ரெண்டு என்கிற மாதிரி.

உள்ளே போனேன். வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் தலைமையில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கதானே முதல்ல பாத்தது? அந்த லைட் எத்தனை நாள் இருந்திருக்கும்? ஒண்ணு ரெண்டு நாள்னா நாங்க அதைப் பெருசா எடுத்துக்க வேண்டியதில்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு எல்லாம் புரிந்தது. நான் இரண்டு நாள் என்றால் சுகன்யா டாக்டர். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள், அவள் மேல் பாவமில்லை. படிக்காத கிழவி கணக்குத் தெரியாமல் சொன்னாள் என்று போய்விடும். சுகன்யாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சொல்லிவிடுங்கள் என்கிறாளா, சொல்லாதீர்கள் என்கிறாளா. அவளே எழுந்து உண்மையைச் சொன்ன பிறகு நான் பொய் சொன்னால் அவளைப் பொய்யாக்கின மாதிரி ஆகும் என்று நினைத்தேன். அதோடு, கணக்குத் தெரியாத ஆளாக அங்கே நிற்கவும் எனக்கு மனசு வரவில்லை.

"ஸ்டார் கட்டின அன்னியிலேருந்துங்க. டிசம்பர் பொறந்ததும் கட்டினது. நான் பிடுங்கற வரைக்கும் தினமும் எரிஞ்சுது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சுகன்யாவைப் பார்த்து, இந்த நேர்மை இந்தக் காலத்தில் அபூர்வம் என்றார். ஒருவர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். பிறகு, இந்த முடிவுகளை ஏற்க முடியாது என்றார்கள். புதிதாக எலிகளுக்கு விலங்குக் கமிட்டியின் அனுமதியும் இல்லை, ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது. மார்ச் வந்தது, போனது. முருகனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கைடு சாருக்கு அடுத்த மாணவி கிடைத்தாள். அடுத்த டிசம்பரில் பின்சுவருக்கு வெளியிலேயே ஒரு பிளக் வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பிப்ரவரி நாளைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை இருந்தது. மறைப்பானேன். ரிட்டயர் ஆகும் வரை வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்வேன். இத்தனை படித்தவர்கள் நடுவே நின்று, இரண்டு விரல் சைகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளதைச் சொன்னேன் என்று.

போன வருஷம் ஒரு சாயங்காலம் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் சுகன்யாவைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற கூட்டம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அவள்தான் முதலில் கூப்பிட்டாள், லில்லி அக்கா என்று. சிறுசேரியில் வேலையாம். வெளிநாட்டுக்காரர்களுடைய ஆஸ்பத்திரிப் பில்களைச் சரிபார்க்கிற வேலை, அவர்களுக்குப் பகல் என்றால் இவளுக்கு ராத்திரி. வேனுக்காக நிற்கிறாள். ஆள் ஊதியிருந்தாள். முடி கொட்டி நெற்றி பெரிதாகத் தெரிந்தது.

"மாத்திரை எடுக்கறியாம்மா?"

"டோஸ் ஏத்திக்கிட்டே போறாங்கக்கா. போன தடவை டாக்டர், ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு நல்லாத் தூங்குங்கன்னாரு. ஏன் தெரியுமான்னு எனக்கே பாடம் எடுத்தாரு. நானும் ஆமா சார் ஆமா சார்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் எதையாவது சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு எழுந்து உண்மையைச் சொன்ன பாரு, அதை இன்னிக்கும் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேம்மா."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிட்டேன்க்கா. சொல்லாம இருக்க முடியல. ஆனா உங்களக் கூப்பிட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு. நீங்க ரெண்டு நாள்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

நான் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கோவம்லாம் இல்லக்கா. நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல. நான் உண்மையைச் சொல்லிடணும், என்னை யாராவது காப்பாத்திடணும். ரெண்டும் வேணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

வேன் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். எனக்கு அங்கே உட்காரக்கூட இடம் இல்லை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றேன். அந்த அறையில் அவள் என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய.

வயர் இருந்தால் ஏறிப் பாருங்கள். கண்ணில் பட்டால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் சொல்லுங்கள். இவை இரண்டையும் நான் தைரியமாகச் சொல்வேன். அதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு இந்தக் கதையை யாரிடமும் பெருமையாகச் சொல்வதை விட்டுவிட்டேன். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் உங்களையும் உள்ளே கூப்பிடுவார்கள், எத்தனை நாள் என்று மரியாதையாகக் கேட்பார்கள். எதிரே ஒரு பெண் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால், இத்தனை பக்கம் எழுதாமல் அதை மட்டும் எழுதியிருப்பேன்.